பாட்டியின் கிறிஸ்துமஸ் ஒயினும் ஒரு போர்ட் போத்தலும்: இரண்டும் இனிப்பு, ஏன் இத்தனை வேறுபாடு?

தோட்டத்துமகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டுவிட்ட ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசை முடிந்து திரும்பியதும் பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் சிவப்பு ஒயின் கிடைக்கும். பாட்டி அதை நவம்பரிலேயே பீங்கான் ஜாடியில் போட்டுவிடுவார். ஒரு கிலோ கருந்திராட்சைக்கு ஒரு கிலோ சீனி, கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், ஒரு பிடி கோதுமை, கொஞ்சம் ஈஸ்ட், பட்டை, கிராம்பு. ஜாடியின் வாயைத் துணியால் கட்டி, நாள்தோறும் மரக்கரண்டியால் கிளறி, 21ஆம் நாள் வடிகட்டுவார். பாட்டி மறைந்தபின் யாரும் போடுவதில்லை. கடைசியாகப் போட்டதில் ஒரு போத்தல் மட்டும் அம்மாவின் அலமாரியில் இருக்கிறது.

அண்மையில் உறவினர் ஒருவர் போர்த்துகலிலிருந்து ரூபி போர்ட் என்ற இனிப்புச் சிவப்பு ஒயின் ஒரு போத்தல் கொண்டுவந்தார். இரண்டையும் அடுத்தடுத்துச் சுவைத்துப் பார்த்தோம். முதல் மிடறில் இரண்டும் இனிப்புத்தான். ஆனால் பாட்டியின் ஒயின் நாக்கில் பாகாக ஒட்டிக்கொண்டு, தொண்டையில் காடியின் காரத்தை லேசாகக் காட்டியது. போர்ட்டோ, விழுங்கியவுடன் வாயைச் சுத்தமாக விட்டுவிட்டு, கருப்புப் பழங்களின் மணத்தை மட்டும் வெகுநேரம் நிறுத்திவைத்தது. இது விலையின் வேறுபாடா, திராட்சையின் வேறுபாடா, செய்முறையின் வேறுபாடா? விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மூன்றாம் பிரிவு எழுதியது:

நான் ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தின் ரதர்கிளன் வட்டாரத்தில், ஒயின் ஆலையில் தொட்டிகளையும் பீப்பாய்களையும் பார்த்துக்கொள்ளும் வேலையில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். அந்த வட்டாரத்துக்குப் புகழே இனிப்பு ஒயினால் வந்ததுதான். மஸ்கட் திராட்சையில் செய்வது உலகப் புகழ் பெற்றது, ஷிராஸ், டூரிஃப் ஆகிய கருந்திராட்சைகளில் போர்ட் முறையிலும் செய்வார்கள். எனவே தங்கையின் கேள்விக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

விலையை முதலில் ஒதுக்கிவையுங்கள். பாட்டியின் ஜாடியில் இனிப்பு வெளியிலிருந்து போய்ச் சேர்ந்தது. போர்ட்டில் உள்ள இனிப்பு முழுவதும் திராட்சைக்குள்ளேயே இருந்தது. ஈஸ்ட் அதைத் தின்று முடிப்பதற்குள் தடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். மற்ற வேறுபாடுகள் அனைத்தும் இதிலிருந்து கிளைப்பவை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாசாரில் விற்கும் சாப்பாட்டுத் திராட்சை ஒரு கிலோவைப் பிழிந்தால் ஏறக்குறைய முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சாறு வரும். அதில் 125 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கும். அதனுடன் ஒரு கிலோ சீனியும் ஒரு லிட்டர் தண்ணீரும் சேர்ந்தால், கரைந்த சீனி தானும் இடம் பிடித்துக்கொள்வதால், மொத்தம் 2.3 லிட்டர் ஆகும். ஆக, லிட்டருக்கு ஏறத்தாழ 490 கிராம் சர்க்கரையோடு ஜாடி தொடங்குகிறது. ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரையைத் தின்றால்தான் ஈஸ்ட் ஒரு லிட்டரில் ஒரு விழுக்காடு ஆல்கஹாலை உண்டாக்கும். அவ்வளவு கெட்டியான கரைசலில் ஈஸ்ட் மூச்சுத் திணறும். 10 அல்லது 12 விழுக்காட்டிலேயே ஓய்ந்துவிட்டால், மீதி நிற்கும் சர்க்கரை லிட்டருக்கு 280 கிராமுக்கு மேல். உங்கள் ரூபி போர்ட்டில் இருப்பது 100 கிராமை ஒட்டித்தான். முதல் மிடறில் இரண்டும் சமமான இனிப்பு என்று நாக்கு நினைத்தாலும், பாட்டியின் ஒயினில் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்திருக்கிறது.

அதைவிட முக்கியமானது புளிப்பு. திராட்சையின் டார்டாரிக், மாலிக் அமிலங்கள்தாம் இனிப்பைத் தாங்கிப் பிடிக்கும் தூண்கள். ஒரு லிட்டர் தண்ணீரும் ஒரு கிலோ சீனியும் சேர்ந்தபோது அந்த அமிலங்கள் மூன்றில் ஒரு பங்காக நீர்த்துப்போயின. தோலிலிருந்து வரும் துவர்ப்பும் அப்படியே. சாப்பாட்டுத் திராட்சை பெரிய பழம், மெல்லிய தோல், நிறைய நீர். ஒயின் திராட்சை சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். தோல் தடிப்பு, விதை நிறைய, சர்க்கரையும் கூடுதல். பெரும்பாலான கருந்திராட்சைகளில் சதை நிறமற்றது, சிவப்பு முழுவதும் தோலில் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், சின்னப் பழத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பது புரியும்.

பழைய பால்கிராணி எழுதியது:

மூன்றாம் பிரிவுத் தம்பி சொல்வதைப் படித்தபோது எனக்குப் பதநீர்தான் நினைவுக்கு வந்தது. தென்னையிலோ பனையிலோ வடியும் சாறு பானையில் விழுந்த நேரம் முதல் புளிக்கத் தொடங்கிவிடும். காலையில் இனிக்கும் கள், மாலையில் கடுக்கும், மறுநாள் காடியாகிவிடும். பானையின் உட்புறம் சுண்ணாம்பு பூசிவிட்டால் அதே சாறு புளிக்காமல் பதநீராக நிற்கும். மரமும் ஒன்று, சாறும் ஒன்று. எங்கள் அப்பா ஊரில் மரம் ஏறியவர். சுண்ணாம்பு குறைந்தால் நுரைக்கும், கூடினால் வாய் வெந்துவிடும் என்பார். போர்ட்டுக்காரர்கள் சுண்ணாம்புக்குப் பதில் எதைப் பூசுகிறார்கள்? சரியான நேரம் எது என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

இன்னொன்று. நான் தோட்டத்தில் ரப்பர்ப் பாலை எடைபோட்ட காலத்தில் மெட்ரோலாக் என்ற கண்ணாடிக் குழாய்க் கருவியைப் பாலில் மிதக்கவிட்டுத்தான் ரப்பர்ச் சத்தைக் கணக்கிடுவோம். எவர் வாளியில் தண்ணீர் கலந்திருக்கிறது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். ஒயினுக்கும் அப்படி ஏதேனும் உண்டா?

மூன்றாம் பிரிவு எழுதியது:

ஐயா, நீங்கள் பயன்படுத்திய கருவியின் உடன்பிறப்பைத்தான் நாங்களும் கையில் வைத்திருந்தோம். ஹைட்ரோமீட்டர் என்பார்கள். ஒரே வேறுபாடு, திசை. ரப்பர் தண்ணீரைவிட இலேசானது என்பதால் சத்துள்ள பாலில் மெட்ரோலாக் ஆழமாக அமிழும். திராட்சைச் சாற்றிலோ சர்க்கரை கூடக்கூடக் கருவி உயர்ந்து மிதக்கும். சர்க்கரை ஆல்கஹாலாக மாற மாற அது நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். எண்ணைப் படிப்பதற்கு முன் கருவியை விரலால் ஒரு சுழற்று சுழற்ற வேண்டும். இல்லையென்றால் நொதிக்கும் சாற்றின் கரிவாயுக் குமிழிகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அதைத் தூக்கிப் பிடிக்கும், சர்க்கரை இன்னும் நிறைய இருப்பதாகப் பொய் சொல்லும். நம் ஊரில் வேறொரு சிக்கலும் உண்டு. பெரும்பாலான கருவிகள் 20 பாகை செல்சியஸில் சரியாகக் காட்டும்படி செய்யப்பட்டவை. 30 பாகை வெப்பத்தில் படித்தால் அடர்த்தியை உண்மையைவிடக் குறைவாகக் காட்டும்.

போர்ட்டில் சுண்ணாம்பின் வேலையைத் திராட்சைச் சாராயம் செய்கிறது. போர்த்துகலின் டூரோ பள்ளத்தாக்கில் டூரிகா நேசியனல், டூரிகா ஃபிராங்கா, டிண்டா ரோரிஸ் போன்ற பல திராட்சைகளைக் கலந்து, கருங்கல் தொட்டிகளில் கொட்டிக் காலால் மிதிப்பார்கள். இன்றும் சில பண்ணைகளில் மனிதர்களே மிதிக்கிறார்கள், பல இடங்களில் இயந்திரக் கால்கள் வந்துவிட்டன. இது வெறும் சடங்கு என்று நினைத்துவிடக் கூடாது. சாதாரணச் சிவப்பு ஒயினுக்குத் தோலோடு ஊற ஒன்றிரண்டு வாரங்கள் கிடைக்கும். போர்ட்டுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நாள் மட்டுமே. அதற்குள் நிறத்தையும் துவர்ப்பையும் தோலிலிருந்து கறந்துவிட வேண்டும் என்பதால்தான் அந்த இடைவிடாத மிதிப்பு.

சாற்றின் சர்க்கரையில் ஏறத்தாழப் பாதி தீர்ந்து, ஆல்கஹால் 6 அல்லது 7 விழுக்காட்டைத் தொடும்போது, சாற்றைத் தோலிலிருந்து பிரித்து, 77 விழுக்காடு வலுவுள்ள திராட்சைச் சாராயத்தில் சேர்ப்பார்கள். பழைய கணக்குப்படி 435 லிட்டர் சாற்றுக்கு 115 லிட்டர் சாராயம். இரண்டும் சேர்ந்தால் ஒரு 550 லிட்டர்ப் பீப்பாய். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஆல்கஹால் 20 விழுக்காட்டைத் தாண்டிவிடும், அந்த வலுவில் ஈஸ்ட் உயிரோடு இருக்க முடியாது. தொடக்கத்தில் லிட்டருக்கு 240 கிராம் சர்க்கரை இருந்திருந்தால், தின்றது போக 120 மிஞ்சி, சாராயத்தால் நீர்த்தபின் 100க்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும்.

அந்தத் தருணத்தை ரதர்கிளனில் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். சாறு தொட்டிக்குள் குமுறிக்கொண்டிருக்கும். காதை வைத்தால் நுரை பொரியும் ஓசை கேட்கும். சாராயம் உள்ளே போனதும் மேலாளர் முதலில் கத்துவது, கிளறுங்கள் என்றுதான். சாராயம் சாற்றைவிட இலேசு. நன்றாகக் கலக்காவிட்டால் மேலே மிதந்து நின்றுவிடும், அடியில் உள்ள ஈஸ்ட் ஒன்றும் நடக்காததுபோல் தன் வேலையைத் தொடரும். மேலும் கீழும் பம்பால் சுழற்றிக் கலந்த சற்று நேரத்தில் அந்தப் பொரியல் ஓசை அடங்கிவிடும். அப்போது மூக்கை நீட்டினால் பழ வாசனை எதுவும் தெரியாது, சாராய நெடிதான் கண்ணைக் கரிக்கும். பழமும் சாராயமும் ஒன்றோடொன்று பழகப் பல மாதங்கள் ஆகும்.

பிரான்சின் தென்கோடியில் பன்யூல்ஸ், மோரி ஆகிய ஊர்களிலும் இதே வழிதான், ஆனால் திராட்சை கிரெனாஷ். சாராயம் 96 விழுக்காடு வலுவுள்ளது, மணமற்றது, மொத்த அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்ப்பதில்லை. அதனால் ஆல்கஹால் போர்ட்டைவிடக் குறைவாக, பெரும்பாலும் 16, 17 விழுக்காட்டில் நிற்கும். எனக்கு, உண்மையைச் சொன்னால், நம் வெப்பத்துக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது.

கிந்தாக்கரை ஆசிரியை எழுதியது:

வேதியியல் கற்பிப்பவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

பாட்டி சீனி போட்டதால் மட்டும் ஒயின் தட்டையாகிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். சீனியை ஈஸ்டின் நொதியே குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் எனப் பிளந்துவிடும். குளிர்நாடுகள் பலவற்றில் சாற்றுக்குச் சீனி சேர்ப்பது சட்டப்படி ஏற்கப்பட்ட முறை. சிக்கல் அளவில் இருக்கிறது. கரைசல் அளவுக்கு மீறிக் கெட்டியாக இருந்தால் ஈஸ்ட் தன்னைக் காத்துக்கொள்ளக் கிளிசராலை உண்டாக்கும், கூடவே அசிட்டிக் அமிலமும் கூடும். தோட்டத்துமகள் குறிப்பிட்ட காடிக் காரத்தின் ஒரு பகுதி அப்படி வந்திருக்கலாம். மறுபகுதி துணி கட்டிய வாய் வழியாக வந்திருக்கும்: கொந்தளிப்பு அடங்கியபின் கரிவாயுப் போர்வை இல்லாத ஜாடியை நாள்தோறும் திறந்து கிளறினால், காடிப் பாக்டீரியாவுக்கு வேண்டிய காற்றை நாமே ஊட்டுகிறோம்.

ஈஸ்ட் குளுக்கோஸை முதலில் விரும்பித் தின்னும். எனவே பாதியில் நிறுத்திய ஒயினில் மிஞ்சுவது பெரும்பாலும் ஃபிரக்டோஸ். அது குளுக்கோஸைவிட இனிப்பாகத் தெரியும். ஒரே எடைச் சர்க்கரை இருந்தும் போர்ட் பளிச்சென்று இனிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிவப்பு ஒயினின் நொதித்தலுக்கு 25 முதல் 30 பாகை வரை உகந்தது. நொதித்தல் தானே வெப்பத்தை உண்டாக்கும். தகரக் கூரையின் கீழ்ப் பிற்பகலில் 33 பாகை இருக்கும் வீட்டில், ஜாடிக்குள் அது 35ஐத் தாண்டினால் ஈஸ்ட் தளர்ந்து, கரடுமுரடான மணங்களை விட்டுவிட்டுப் பாதியில் நின்றுவிடும். கோதுமையைப் பற்றிக் கேட்பீர்கள்: ஈஸ்டுக்குச் சிறிது ஊட்டமும் ஒயினுக்குச் சிறிது உடற்கட்டும் தரும் என்பதைத் தவிர அதில் வேறு மந்திரம் இல்லை.

ஈஸ்டை நிறுத்த மருந்துக் கடைச் சரக்குகள் போதும் என்று இணையத்தில் பலர் எழுதுவதையும் பார்க்கிறேன். பொட்டாசியம் சார்பேட் ஈஸ்டைக் கொல்லாது, பெருகவிடாமல் தடுக்க மட்டுமே செய்யும். கொந்தளித்துக்கொண்டிருக்கும் சாற்றில் போட்டால் பயனில்லை. கந்தக டைஆக்சைடு துணையின்றி அதை மட்டும் போட்டு, லாக்டிக் பாக்டீரியா உள்ளே இருந்துவிட்டால், நசுக்கிய ஜெரானியம் இலையின் வாடை வந்துவிடும். அதைப் பின்னர் நீக்க வழியே இல்லை.

இறுதியாக, இந்த இழையைப் படிக்கும் இளையோருக்கு: மலேசியாவின் 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி உரிமமின்றி மதுபானம் தயாரிப்பது குற்றம். பாட்டி காலத்தில் யாரும் கேட்கவில்லை என்பது அனுமதி ஆகாது. வீட்டில் சாராயம் காய்ச்சுவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். எவரோ விற்கும் சாராயத்தை வாங்கிச் சேர்ப்பதும் அதே அளவு ஆபத்து. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்துப் பலர் இறந்ததை மறக்க முடியாது.

மறியல்காரர் பேரன் எழுதியது:

நண்பர்கள் மன்னிக்க வேண்டும், ஆனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. தோட்டத்துத் தமிழனின் கூலியில் பாதி கள்ளுக்கடைக்கும் சம்சு என்ற மலிவுச் சாராயத்துக்கும் போன வரலாறு நமக்கு உண்டு. 1947இல் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்து அடிபட்டார்கள். என் தாத்தாவும் அப்படி ஒரு மறியலில் நின்றவர். அந்தத் தோட்டங்களின் பிள்ளைகள் இன்று எந்த மது எப்படி இனிக்கிறது என்று விரிவாக எழுதுவது எனக்கு நெருடலாக இருக்கிறது.

பழைய பால்கிராணி எழுதியது:

தம்பி, உங்கள் தாத்தாவை வணங்குகிறேன். சம்பள நாளன்று கள்ளுக்கடை வாசலில் கணவனைத் தேடிக் கைக்குழந்தையோடு நின்ற பெண்களை நான் என் கண்ணால் பார்த்தவன். நான் குடிப்பதில்லை, இந்த இழையால் தொடங்கப்போவதும் இல்லை. ஆனால் கள்ளுக்கடையின் கொடுமைக்கு ஒரு காரணம், உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு வலு, எவ்வளவு குடித்தால் என்ன ஆகும் என்று ஒருவரும் நம்மவர்களிடம் சொல்லாததுதான். இங்கே விளக்குபவர்கள் அதைத்தான் எண்ணோடு சொல்கிறார்கள். தங்கள் கருத்தும் இங்கே இருக்கட்டும், அவர்கள் விளக்கமும் இருக்கட்டும்.

மூன்றாம் பிரிவு எழுதியது:

மறியல்காரர் பேரனின் வருத்தம் நியாயமானது, அதனால் அந்த எண்ணையும் சொல்லிவிடுகிறேன். 20 விழுக்காடு வலுவுள்ள போர்ட் 75 மில்லி லிட்டரில் இருப்பது 15 மில்லி லிட்டர் சுத்த ஆல்கஹால்; 5 விழுக்காட்டு பீர் 330 மில்லி லிட்டர் டின் ஒன்றில் இருப்பதும் ஏறத்தாழ அதேதான். இனிப்பு வலுவை மறைத்துவிடும் என்பதால் சின்னக் கிண்ணத்தைத் தாண்டாமல் இருப்பதே இந்த ஒயினுக்குரிய மரியாதை. மருந்து உட்கொள்பவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், வண்டி ஓட்டவேண்டியவர்கள் தொடாமல் இருக்கலாம்.

சித்தியவான் வழிப்போக்கன் எழுதியது:

போர்த்துகல்வரை போக வேண்டுமா என்று கேட்க வந்தேன். நம் பேராக்கிலேயே, சித்தியவானில், பூச்சாவ் சீனர்கள் தலைமுறை தலைமுறையாகச் சிவப்பு ஒயின் வைக்கிறார்களே! ஒட்டரிசியை வேகவைத்து, சிவப்பு ஈஸ்ட் அரிசியோடும் நொதிக்கட்டியோடும் ஜாடியில் அடுக்கி வடிப்பது. கோழி போட்ட மீ சுவா நூடுல்ஸில் ஊற்றித் தருவார்கள். பிள்ளை பெற்ற தாய்க்குக் கொடுப்பதும் உண்டு. அதுவும் சிவப்பு, அதுவும் இனிப்பு. போர்ட்டோடு ஒப்பிட முடியுமா?

கிந்தாக்கரை ஆசிரியை எழுதியது:

ஒப்பிடலாம், ஆனால் இரண்டும் வேறு வேறு பாதைகள். அரிசியில் இருப்பது மாவுச்சத்து. அதை ஈஸ்டால் நேரடியாகத் தின்ன முடியாது. பூஞ்சணம் மாவைச் சர்க்கரையாக உடைக்க உடைக்க ஈஸ்ட் அதை ஆல்கஹாலாக்குகிறது, இரண்டும் ஒரே ஜாடியில் ஒரே நேரத்தில் நடக்கின்றன. அதனால் ஈஸ்ட் ஒருபோதும் பெரும் சர்க்கரை வெள்ளத்தில் மூழ்குவதில்லை, நிதானமாக நல்ல வலுவை எட்டிவிடுகிறது. அது தளர்ந்தபின்னும் பூஞ்சணத்தின் நொதிகள் மாவை உடைத்துக்கொண்டிருப்பதால் இனிப்பு மிஞ்சுகிறது. சிவப்பு நிறம் அந்தப் பூஞ்சணத்துடையது, அதனால் திராட்சைத் தோலின் துவர்ப்பு அதில் இராது. சூப்பில் ஊற்றினால் அருமை. உணவுக்குப் பின் தனியே பருக எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை.

தோட்டத்துமகள் எழுதியது:

இவ்வளவு விளக்கம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு ஐயங்கள். இத்தாலியில் திராட்சையைக் காயவைத்து இனிப்பு ஒயின் செய்வதாகப் படித்தேன். சாராயமே தேவையில்லை என்றால் அது எளிய வழி அல்லவா? அடுத்து, அம்மாவும் சித்தியும் நானும் வரும் ஞாயிறு உட்கார்ந்து முறையாகச் சுவைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறோம். ரூபியோடு, ஈப்போவில் வாங்கிய பத்தாண்டு டோனி போர்ட் ஒன்றும் இருக்கிறது. எப்படிச் செய்வது நல்லது?

மூன்றாம் பிரிவு எழுதியது:

நீங்கள் படித்தது வெரோனா மலைச்சரிவின் ரெச்சியோட்டோ. கொர்வீனா, ரொண்டினெல்லா திராட்சைக் குலைகளைக் காற்றோட்டமான மாடங்களில் மூங்கில் தட்டுகளிலோ மரத்தட்டுகளிலோ பரப்பி மூன்று நான்கு மாதம் வைப்பார்கள். எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு வற்றிவிடும். சர்க்கரையும் புளிப்பும் மணமும் சேர்ந்தே இறுகும். அடுத்து வரும் பனிக்குளிரில் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்து, சர்க்கரை மிஞ்சும்போதே ஓய்ந்துவிடும். ஓயாமல் எல்லாவற்றையும் தின்றுவிட்டால் கிடைப்பது அமரோனே, இன்று அதுதான் ரெச்சியோட்டோவைவிடப் புகழ் பெற்றுவிட்டது. எளிய வழி என்று சொல்லிவிட முடியாது, அங்கே உலர்ந்த குளிர்காற்று உண்டு என்பதால்தான் அது நடக்கிறது. பொரித்த அப்பளம் அரைமணி நேரத்தில் நமத்துப்போகும் நம் ஊர் ஈரத்தில் திராட்சைக் குலையைத் தொங்கவிட்டால், ஒரு வாரத்தில் பூஞ்சணம்தான் அறுவடை ஆகும்.

இத்தாலியின் பியட்மாண்ட் வட்டாரத்துப் பிராக்கெட்டோ ஒயினும் சிவப்பு, இனிப்பு; ரோஜா மணம், இலேசான நுரை, ஆல்கஹால் 5 அல்லது 6 விழுக்காடுதான். மூடிய தொட்டியில் குளிரவைத்து ஈஸ்டை வடிகட்டி எடுத்துவிடுகிறார்கள். சித்தி அதிகம் குடிக்காதவர் என்றால் அவருக்கு அதை வாங்குங்கள்.

சுவைப்பதற்கு வருவோம். அறை வெப்பத்தில் பரிமாறவும் என்று போத்தலில் எழுதியிருந்தால் அது ஐரோப்பிய அறை, 16 முதல் 18 பாகை. நம் கூடத்தில் 30 பாகையில் ஊற்றினால் சாராயம் மட்டுமே மூக்கில் ஏறும், இனிப்பு கூழாகத் தெரியும். ரூபியை முக்கால் மணி நேரமும் டோனியை ஒரு மணி நேரத்துக்கு மேலும் குளிர்பெட்டியில் வைத்து எடுங்கள். கண்ணாடிக் கிண்ணம் குறுகிய வாயுள்ளதாக இருக்கட்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். முதலில் வெள்ளைத் தாளின்மேல் சாய்த்து விளிம்பின் நிறத்தைப் பாருங்கள். ரூபி பெரிய தொட்டியில் குறுகிய காலம் இருந்தது, காற்றை அதிகம் பார்க்காதது. டோனி மரப்பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் மூச்சு விட்டது. அந்த வேறுபாடு நாக்குக்கு முன் கண்ணுக்குத் தெரியும்.

உணவைப் பற்றி ஒரே விதி: தட்டில் இருப்பதைவிடக் கிண்ணத்தில் இருப்பது இனிப்பாக இருக்க வேண்டும்.

தோட்டத்துமகள் எழுதியது:

ஞாயிறு மாலை மழை பெய்து ஓய்ந்தபின் உட்கார்ந்தோம். மூன்று கிண்ணங்களைத் தாள்மேல் சாய்த்தபோதே சித்தி வியந்துவிட்டார். ரூபி விளிம்புவரை நாவல்பழச் சாற்றின் ஊதா கலந்த சிவப்பு. டோனி நடுவில் செங்கல் நிறமாகவும் விளிம்பில் வெளிறிய பொன்னிறமாகவும் இருந்தது. பாட்டியின் ஒயினோ மேலே பழுப்பாக, கலங்கலாக, அடியில் மெல்லிய வண்டலோடு நின்றது. ஆட்டினால் கண்ணாடியில் தடித்து வழிந்தது.

குளிரவைத்ததில் பாட்டியின் ஒயினும் மாறித்தான் போயிற்று. சென்ற முறை தொண்டையில் குத்திய காடிக் காரம் தணிந்து, பட்டையும் கிராம்பும் முன்னால் வந்தன. ஆனாலும் இரண்டாவது மிடறுக்குப் பிறகு வாய் தண்ணீர் கேட்டது. ரூபியில் முதலில் கருப்புப் பழம், பிறகு மிளகின் சுருக், கடைசியில் ஈறுகளை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. அந்தத் துவர்ப்புதான் இனிப்பைத் துடைத்து எடுத்துக்கொண்டு போகிறது என்பது இப்போது விளங்கிவிட்டது. டோனியில் பழமே இல்லை என்று சொல்லலாம்: வறுத்த முந்திரி, ஆரஞ்சுத் தோல், கருகத் தொடங்கும் சீனி. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, பழைய மர அலமாரியின் வாசம் வருகிறது என்றார். எனக்கு அதுதான் மூன்றிலும் சிறந்தது.

உணவில் உங்கள் விதியைச் சோதித்தோம். அதிரசத்தைக் கடித்துவிட்டு ரூபியைப் பருகினால் ஒயின் வெறும் புளித்தண்ணீராகிவிட்டது, வெல்லம் அதைத் தின்றுவிட்டது. அச்சு முறுக்கு பரவாயில்லை. வறுத்த முந்திரியோடு டோனியும், இனிப்புக் குறைந்த கருஞ்சாக்லேட்டோடு ரூபியும் மிகப் பொருந்தின.

பாட்டியின் போத்தலை என்ன செய்வது என்று அம்மா கேட்கிறார். இன்னும் சில ஆண்டுகள் வைத்தால் நன்றாகுமா?

மூன்றாம் பிரிவு எழுதியது:

ஆகாது என்றே நினைக்கிறேன். ஆல்கஹால் குறைவு, புளிப்பும் குறைவு, ஏற்கெனவே காற்றுப் பட்டிருக்கிறது. வெப்பத்திலேயே முதிர வைக்கும் முறைகள் உலகில் இல்லாமல் இல்லை. மோரியில் இனிப்பு ஒயினைப் பெரிய கண்ணாடிக் குடுவைகளில் ஊற்றி வெட்டவெளி வெயிலில் வைப்பார்கள். மதெய்ராத் தீவில் 45 பாகைக்கு மேல் மூன்று மாதம் சூடாக்குவார்கள். ஆனால் அவை சாராயம் சேர்த்து வலுவூட்டப்பட்டவை, மதெய்ராவுக்குப் புளிப்பும் கூர்மையானது. அம்மாவின் அலமாரியில் ஆண்டு முழுவதும் 30 பாகையில் நிற்கும் போத்தலுக்கு அந்தத் தற்காப்பு இல்லை. வரும் கிறிஸ்துமஸுக்குக் குளிரவைத்துக் குடித்துவிடுங்கள், அல்லது பழக் கேக்குக்கான உலர்ந்த திராட்சையை அதில் ஊறவையுங்கள்.

திறந்த ரூபியைக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். டோனி ஒரு மாதத்துக்கு மேலும் நிற்கும்.

பழைய பால்கிராணி எழுதியது:

தம்பி, ஒரு சிறு ஐயம். போத்தலைக் குளிர்பெட்டியில் படுக்கவைப்பதா, நிற்கவைப்பதா? மகன் வீட்டில் எல்லாவற்றையும் படுக்கவைத்திருக்கிறார்கள்.

மூன்றாம் பிரிவு எழுதியது:

நிற்கவையுங்கள், ஐயா. ரூபிக்கும் டோனிக்கும் பெரும்பாலும் பிளாஸ்டிக் தலையுள்ள குட்டைத் தக்கைதான்; படுத்தால் கசியும், எறும்பும் வரும். படுக்கவைப்பது நீண்ட தக்கை போட்ட விண்டேஜ் போர்ட்டுக்கு. அது போத்தலுக்குள்ளேயே பல பத்தாண்டுகள் முதிர வேண்டியது, அந்தத் தக்கை காயக் கூடாது. திறந்தால் ஓரிரு நாளில் முடித்துவிட வேண்டும் என்பதால், நான்கைந்து பேர் கூடும் நாளாகப் பார்த்துத்தான் அதைத் திறக்க வேண்டும்.